துட்டி வீட்டு நட்சத்திரம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். உங்கள் எழுத்துகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை.

கடந்த ஜூலை மாதம் என் கணவர் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது நாற்பத்தொன்று. எங்களுக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மாமியாருடன் நெல்லைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறோம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவர்கள்.

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் முதல் தேதி அவர் மொட்டை மாடியில் மூங்கில் நட்டு நட்சத்திரம் கட்டுவார். இந்த வருடம் அதே நாளில் என் மகள் பரணில் ஏறி நட்சத்திரத்தை எடுத்துத் தூசி தட்டி வைத்துவிட்டாள். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "துட்டி விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். "அப்படியென்றால் நம் வீட்டுக்கு மட்டும் கிறிஸ்துமஸ் வராதா?" என்று மகள் கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. புதுத்துணி எடுக்கவும் பலகாரம் செய்யவும் எனக்கும் மனம் இல்லை. பத்து வருடமாக ஆலயப் பாடகர் குழுவில் பாடி வருகிறேன். இந்த முறை பயிற்சிக்கு யாரும் என்னை அழைக்கவில்லை. இரக்கத்தால்தான் அழைக்கவில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் வலிக்கிறது.

நான் எழுதக் காரணம் வேறொன்று. போன வாரம் ஓய்வுநாள் பள்ளி நாடகத்துக்காக மகளுக்கு ஆட்டுக்குட்டி வேடம் தைத்துக்கொண்டிருந்தேன். பஞ்சு ஒட்டிய காதுகளைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு அவள் வந்து நின்றபோது, ஐந்து மாதங்களில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சில் யாரோ ஓங்கி அடித்தாற்போல் ஆகிவிட்டது. அவர் மண்ணுக்குள் இருக்கும்போது எனக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது? "மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி" என்று ஆலயத்தில் வாசிக்கிறார்களே, அந்தச் சந்தோஷம் என்னைப் போன்றவர்களுக்கும் உண்டா? இந்த ஒரு வருடம் ஒதுங்கி இருப்பதுதான் அவருக்கு நான் செய்யும் மரியாதையா?

என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். கடிதம் கிடைத்து இரண்டு நாட்கள் ஆகின்றன. ஆட்டுக்குட்டியின் காதுகளைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் இடத்துக்கே மீண்டும் மீண்டும் வந்து நின்றுகொண்டிருந்தேன், ஏனென்றால் அந்தச் சிரிப்பை நான் என் தாயிடம் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, என் மூத்த அண்ணன் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். அவனுக்குப் பத்தொன்பது வயது. அது ஓர் அக்டோபர் மாதம். டிசம்பர் வந்தபோது எங்கள் வீட்டில் எண்ணெய்ச்சட்டி வைக்கவில்லை. இறப்பு நடந்த வீட்டில் அந்த வருடம் பலகாரத்துக்கு எண்ணெய் காயக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதி உண்டு. எண்ணெய்ச்சட்டி வைக்காத வீட்டுக்கு ஊரார் பலகாரம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலையில் தெருவில் இருந்த வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்குவாளிகளும் பனையோலைப் பெட்டிகளும் வந்து சேர்ந்தன. வேதக்காரர் வீடு, இந்துக்கள் வீடு என்ற வேறுபாடு இல்லை. வேறெந்த வருடத்தையும்விட அந்த வருடம்தான் எங்கள் வீட்டில் அதிகப் பலகாரம் இருந்தது. ஆறு வயதுத் தங்கை தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டு முறுக்கையும் தனித்தனியாக அடுக்கி, எது யார் வீட்டுக் கைப்பிழிவு என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலில் சுவரில் சாய்ந்தபடி அம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எதிர்வீட்டுப் பெரியம்மை முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்த்துப் பெரியம்மை உருட்டும் முந்திரிக்கொத்து ஊரறியக் கல்லாக இருக்கும். அதில் ஒன்றைக் கடித்துப் பார்த்த தங்கை, பல் வலிக்க அதை வெளியே எடுத்து, "அண்ணன் சொன்னது சரிதான், இதை வைத்து மாங்காய் அடிக்கலாம்" என்றாள். அது வருடா வருடம் அண்ணன் சொல்லும் வார்த்தை. அம்மா சிரித்துவிட்டாள். முதலில் மூக்கால் வந்த சிறு ஓசையாகத் தொடங்கி, அடக்க முடியாமல் தோள் குலுங்கும் சிரிப்பாக அது வளர்ந்தது. பெரியம்மையும் சேர்ந்து சிரித்தாள். அடுத்த கணம் அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியவில்லை. பெரியம்மை எதுவும் சொல்லாமல், சிரித்தபோது அம்மாவின் தோளில் வைத்த கையை அழுதபோதும் எடுக்காமல் நின்றாள். அந்த வீட்டில் இரண்டரை மாதங்களுக்குப் பிறகு அண்ணனின் பேச்சு அவன் பேசியபடியே கேட்டது அன்றுதான். அதுவரை அவனைப் பற்றிய பேச்செல்லாம் ஆஸ்பத்திரியைப் பற்றியும் கடைசி நாளைப் பற்றியும் மட்டுமே இருந்தது.

அதனால் உங்கள் சிரிப்பை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. அந்தக் காதுகளை அப்படி மாட்டிக்கொண்டு வந்து நின்ற குழந்தையைப் பார்த்து உங்கள் கணவர் எப்படிச் சிரித்திருப்பார் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்திருக்க வேண்டிய சிரிப்பைத் தனியாகச் சிரித்ததால்தான் அது நெஞ்சில் அடியாக விழுந்திருக்கிறது. அந்த அடியைத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் போனன்னோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணவனையோ மனைவியையோ இழந்து ஆறு மாதங்கள் ஆனவர்களை, இறந்தவரோடு வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்லி, அவர்கள் முகங்களைக் கூர்ந்து கவனித்தார்கள். அந்தப் பேச்சின் நடுவே கண்வரை எட்டும் உண்மையான சிரிப்பு வந்தவர்களிடம் மன உளைச்சல் குறைவாகவும், பிறரோடு உறவு மேலாகவும் இருந்ததை அவர்கள் கண்டார்கள். நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஸ்கூட்டும் 1999இல், துயரப்படும் மனம் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறிப் போய் வருகிறது என்றும், அந்தப் போக்குவரத்தே இழப்பைத் தாங்கும் இயல்பான வழி என்றும் எழுதினார்கள். எங்கள் அடுக்களை வாசலில் நான் பார்த்ததை இந்த ஆய்வுகளில் மறுபடி பார்ப்பதுபோல் இருந்ததால்தான் இவற்றை இங்கே சொல்கிறேன்.

இனி நட்சத்திரத்துக்கு வருகிறேன். துட்டி வீட்டில் பண்டிகை இல்லை என்ற வழக்கத்தை மூடப்பழக்கம் என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. அதில் பெரிய இரக்கம் ஒன்று இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர்கள் புதுத்துணி உடுத்திச் சிரித்த முகத்தோடு விருந்தினரை வரவேற்க வேண்டியதில்லை என்று ஊர் அவர்களுக்கு விடுப்பு அளிக்கிறது. உங்களுக்கு இந்த வருடம் அந்த விடுப்பு தேவை. பலகாரம் செய்ய மனமில்லையென்றால் செய்யாதீர்கள். வாட்ஸப்பில் வரும் வாழ்த்துகளுக்கெல்லாம் பதில் அனுப்பாவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அந்த விடுப்பு வேலியாக மாறி, ஒன்பது வயதுக் குழந்தையைத் தெருவில் இருக்கும் மற்றக் குழந்தைகளிடமிருந்து பிரித்து நிறுத்துமானால், வழக்கம் தன் வேலையை மறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். நட்சத்திரத்தைக் கட்டலாம் என்பதே என் எண்ணம்.

ஆனால் அதை உங்கள் மாமியாரை மீறிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தில் அவர்கள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். அந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்தேன். உங்களுக்குக் கணவர் போனார், உங்கள் மகளுக்குத் தகப்பன் போனார், அவர்களுக்கோ தாம் பெற்ற பிள்ளை போய்விட்டது. பரணிலிருந்து இறங்கிய அந்த நட்சத்திரத்தில் அவர்கள் பார்த்தது பண்டிகையை அல்ல, மாடியில் மூங்கில் நட்டுக்கொண்டிருந்த தம் மகனைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வழக்கத்தைச் சொல்லி உள்ளே போவது அழுகையை மறைத்துக்கொள்ள வயதானவர்களுக்குத் தெரிந்த ஒரு வழி. ஆகவே கட்டலாமா கூடாதா என்ற வாதத்தோடு அவர்களிடம் போகாதீர்கள். ஒரு மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கணவர் சிறுவனாக இருந்தபோது நட்சத்திரம் யார் கட்டினார்கள், எதில் செய்தார்கள், உள்ளே என்ன விளக்கு வைத்தார்கள் என்று கேளுங்கள். மகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடியும்போது அனுமதி கிடைக்கலாம். கிடைக்காவிட்டால், இந்த வருடம் அதை வீட்டுக்குள் அவருடைய படத்துக்கு அருகில் தொங்கவிடுங்கள். மாடிக்கு அடுத்த வருடம் ஏறட்டும்.

நற்செய்தி உங்களைப் போன்றவர்களுக்கும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கிறிஸ்துமஸ் நாடகங்களில் மேய்ப்பர் வருவார்கள், சாஸ்திரிகள் வருவார்கள், ஆட்டுக்குட்டிகள் வரும், வெள்ளைச் சட்டையில் தேவதூதர்கள் வருவார்கள். அன்னாளை மட்டும் யாரும் மேடை ஏற்றுவதில்லை. லூக்கா தன் இரண்டாம் அதிகாரத்தில், தாயும் தகப்பனும் குழந்தையைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்த நாளில், அங்கே இருந்த இந்தப் பெண்ணைப் பற்றி மூன்று வசனங்கள் எழுதியிருக்கிறார். ஆசேர் கோத்திரத்தைச் சேர்ந்த பானுவேலின் மகள். திருமணமாகி ஏழே வருடம் கணவனோடு வாழ்ந்தவள். அதன்பின் விதவை. இப்போது ஏறக்குறைய எண்பத்துநான்கு வயது. லூக்கா அவளுடைய ஏழு வருடத்தை எண்ணிச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். இவ்வளவு காலம் கழிந்த பிறகும், அந்தக் குறுகிய மணவாழ்க்கை அவளை அறிமுகப்படுத்தும் வாக்கியத்தில் இருந்தாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இந்த அன்னாள்தான் குழந்தையைக் கண்டு கர்த்தரைப் புகழ்ந்து, மீட்புக்காகக் காத்திருந்த எல்லோருக்கும் அவரைக் குறித்துப் பேசுகிறாள். நம் ஊர்களில், கிறிஸ்தவர்களிடையேகூட, சுபகாரியங்களில் விதவைகள் தாமாகவே பின்வரிசைக்குப் போய்விடுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து மனம் நொந்தவன் நான். லூக்காவின் கிறிஸ்துமஸில் ஒரு விதவை முன்வரிசையில் நிற்கிறாள் என்பதை என் சபையார் எல்லோரும் ஒருமுறையாவது நின்று நிதானித்து வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதே நாளில் அதே தேவாலயத்தில், உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் (வாள்) உருவிப்போகும் என்று சிமியோன் என்பவர் குழந்தையின் தாய் மரியாளிடம் சொல்கிறார். குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே சொல்லப்பட்ட வார்த்தை இது. மத்தேயுவின் பக்கத்திலோ, பெத்லகேமில் ஏரோது ராஜா கொன்ற குழந்தைகளுக்காக, இஸ்ரவேலின் ஆதித்தாய்களில் ஒருத்தியான ராகேல் ஆறுதல் பெற மனமில்லாமல் அழுகிறாள். திருச்சபையின் நாட்காட்டியும் இந்த அழுகைகளை மறைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். கத்தோலிக்கர்கள் அவரை முடியப்பர் என்பார்கள். டிசம்பர் 28 அந்தக் குழந்தைகளின் நாள். பண்டிகையின் முதல் வாரத்துக்குள்ளேயே இரண்டு துட்டி நாட்களை முன்னோர்கள் வைத்திருக்கிறார்கள்.

நம் கடற்கரைக்கு டிசம்பர் 26 வேறொரு நாளாகவும் ஆகிவிட்டது. 2004இல் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் இறந்தார்கள், அவர்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸை ஒட்டி வந்திருந்த யாத்திரிகர்களும் அவர்களுள் அடக்கம். குமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில், முந்தின நாள் குடில் வைத்து நட்சத்திரம் கட்டிய வீடுகளே மறுநாள் காலையில் இல்லாமல் போயின. இன்றைக்கும் அந்த ஊர்களில் 26ஆம் தேதி கல்லறைகளில் மலர் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, திருப்பலி நடத்துகிறார்கள். அந்த மக்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால், மறுநாள் எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தே வரும் நாள். 25ஆம் தேதி குழந்தைகளுக்குப் புதுத்துணி உடுத்திவிடும் கைகள்தாம் 26ஆம் தேதி கல்லறையில் பூ வைக்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. அடக்கம் செய்ய உடல்கூட வராத வீடுகள் அங்கே இருந்தன. அந்த டிசம்பரில் அந்த ஊர்கள் கொண்டாட்டத்தைக் கைவிட்டன. அதுவும் சரியான தீர்மானமே. எப்போது நட்சத்திரத்தை இறக்கி வைப்பது, எப்போது மறுபடி ஏற்றுவது என்பதை ஒவ்வொரு வீடும் தானாகத்தான் கண்டறிய வேண்டியிருக்கிறது. ஏற்றியவர்களையும் இறக்கியவர்களையும் அன்பு குறைந்தவர்கள் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

பாடகர் குழுவைப் பற்றி: அவர்கள் அழைக்காததற்கு இரக்கமே காரணமாக இருக்கும். என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் நின்றிருப்பார்கள். நீங்களே ஒரு பயிற்சி நாளில் போய் உங்கள் பழைய இடத்தில் நில்லுங்கள், மனம் இருந்தால் மட்டும். பாதிப் பாட்டில் தொண்டை அடைத்தால் உட்கார்ந்துவிடலாம். பக்கத்தில் நிற்பவர் உங்கள் பாகத்தையும் சேர்த்துப் பாடுவார், குழுவாகப் பாடுவதன் பயனே அதுதானே. வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள். துட்டி வீடு என்று உங்கள் வாசலைத் தாண்டிப் போக வேண்டாம், மேளம் இல்லாமல் ஒரு பாட்டு பாடி ஜெபித்துவிட்டுப் போகட்டும். சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்படவும் அழுகிறவர்களோடு அழவும் பவுல் ஒரே வசனத்தில் சொல்லியிருப்பதால், ஒரே வாசலில் அவர்கள் இரண்டையும் செய்யலாம்.

உங்கள் சேகரகுருவிடம் (சபைப் போதகரிடம்) கேட்டுப் பார்க்க இன்னொன்று இருக்கிறது. மேலைநாட்டுச் சபைகள் சிலவற்றில், டிசம்பர் 21ஐ ஒட்டி, ஆண்டின் மிக நீண்ட இரவில், அந்த வருடம் யாரையேனும் இழந்தவர்களுக்காக ஓர் அமைதியான ஆராதனை நடத்துகிறார்கள். ஆர்ப்பாட்டமான பாடல்கள் இல்லை, இறந்தவர்களின் பெயர்களை வாசித்து விளக்கேற்றுகிறார்கள், அழ விரும்புகிறவர்கள் அழுகிறார்கள். ஆங்கிலிக்கன் பழைய ஜெபப் புத்தகத்தின்படி டிசம்பர் 21 தோமாவின் திருநாள். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொன்ன, சென்னைப் பரங்கிமலையில் மரித்ததாக நாம் நினைவுகூரும் அதே தோமா. நம் சபைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இரவு கிடைக்காது. உங்கள் சபையிலும் இந்த ஆண்டு துட்டி விழுந்த வீடுகள் வேறு சில இருக்கும். அவர்களும் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல்தான் இருப்பார்கள்.

ஒரு வார்த்தை கண்டிப்பாகவும் சொல்கிறேன். உறக்கமும் உணவும் முற்றிலும் விட்டுப்போனாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 எந்த நேரத்திலும் தமிழில் பேசும். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் இதை வாசிக்கும் இன்னொருவருக்குத் தேவைப்படலாம்.

கிறிஸ்துமஸைவிட டிசம்பர் 31 இரவு உங்களுக்குக் கடினமாக இருக்கக்கூடும். நள்ளிரவு ஆராதனையில் மணி அடிக்கும்போது, அவர் வாழ்ந்த கடைசி வருடம் முடிந்து, அவர் ஒரு நாளும் வாழாத வருடம் தொடங்கும். அந்த மணியோசையில்தான் என் தாய் முறிந்துபோனாள். கிறிஸ்துமஸ் அன்று அவளைத் தாங்கிய பலகாரமும் அண்டை வீட்டாரும் அன்று இல்லை. அதனால் அந்த இரவில் தனியாகப் போகாதீர்கள், பாட்டியும் பேத்தியும் நீங்களும் ஒரே இருக்கையில் உட்காருங்கள். வேத வசனம் ஒன்று எழுதிய புதுவருட வாக்குத்தத்தச் சீட்டு எடுக்கும்போது, அவர் போன ஜனவரியில் எடுத்த சீட்டு வீட்டு வேதாகமத்துக்குள் எங்காவது இருக்கிறதா என்று பார்த்து, கிடைத்தால் அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணனுடைய சீட்டு இன்றும் அம்மாவின் வேதாகமத்தில், அவள் வைத்த பக்கத்திலேயே இருக்கிறது.

நாடகத்தில் ஆட்டுக்குட்டியின் காதுகள் எந்தப் பக்கமாக இருந்தன என்பதை உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள். நட்சத்திரம் எங்கே ஏறியது என்பதையும் அவள் எழுதட்டும். ஜனவரியில் கடிதத்தை எதிர்பார்த்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்